கிரணின் மறுப்பு

ஆரணியில் கிரண் நடத்திவந்த பட்டுக்கடையின் வலைத்தளப் பெயரை, 2004இல் எவனோ வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்டிருந்தான். ஐந்து நாளுக்குள் கிரணின் மின்னஞ்சலிலிருந்து மறுப்பு வராவிட்டால் பெயர் பறிபோய்விடும். கிரண் இறந்து ஏழு மாதமாகியிருந்தது. பாஸ்வேர்டு தெரியாமல் தம்பி ஹேமநாத் தவித்தான்.

ஐந்தாம் நாள் காலை, பெயரைப் பதிந்திருந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

"உங்க அண்ணன் மறுத்துட்டாருங்க. இனிமே கவலயில்ல."

பாஸ்வேர்டு எவன் கையில் சிக்கியதோ என்று ஹேமநாத் பயந்தான். பெயரைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி அவனே ஒரு விண்ணப்பம் அனுப்பினான். அடுத்த நிமிடமே அதுவும் மறுக்கப்பட்டது. காரணம் எழுதும் கட்டத்தில், கிரண் வழக்கமாக எழுதுவதுபோல, ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது.

"பேஜாராவாதடா. கடைக்குத்தான் வந்துகினு இருக்கேன்."