நோட்டில் ஏறிய பெயர்

“ஏ மைனி, இன்னைக்குமா உபவாசம்?”

பக்கத்து வீட்டுப் பேராச்சி வாசலில் நின்று கேட்டாள். தாராவியின் அந்தச் சந்தில் எந்த வீட்டு அடுப்பு புகையவில்லை என்பதை யாரிடமும் மறைக்க முடியாது.

“இன்னையோட ஏழு நாளு,” என்றாள் அன்னத்தாய். “அவுகளுக்கு வேலை கெடைக்கணும்னு ஜெபம் பண்ணுதேன்.”

“யாருட்ட கதை விடுத? மில்லு பந்த் ஆகி மூணு மாசமாச்சு. அண்ணாச்சி குர்லாவுல பட்டறை பட்டறையா ஏறி எறங்குதாக. ராஷன் வாங்க வழியில்ல. உபவாசமாம்லா உபவாசம்!”

“சத்தம் போடாத பேராச்சி. ஜெபம் நெசந்தான். ஒரு நேரம்கூட முட்டி போடாம இருந்ததில்ல. ஆனா அடுப்பு எரியாததுக்கும் ஒரு பேரு வேணும்லா? நீ குடுக்க வடிகஞ்சியிலதான் ரூத்து உசுரு கெடக்கு.”

மூலையில் படுத்திருந்த ஆறு வயது ரூத், தன் பெயரைக் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். அவள் விளையாடப் போய் மூன்று நாளாகிறது.

“நாளைக்கு ஒங்க கோயில்ல கோதுமை குடுக்காகளாம். இல்லாதவுக பேரை எழுத, உபதேசியார் நோட்டும் கையுமா அலையுதாரு. வந்தா வெக்கப்படாமச் சொல்லு மைனி. பிள்ளை மூஞ்சியைப் பாரு.”

“சொல்லுதேன்.”

சாயங்காலம் உபதேசியார் வேதமுத்து வந்தார். டிரங்குப் பெட்டியை முந்தானையால் துடைத்து உட்காரச் சொன்னாள்.

“வீட்ல எல்லாரும் எப்படிம்மா இருக்கீங்க?”

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கோயில்காரர்கள் யார் கேட்டாலும் சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய பதில் முந்திக்கொண்டது.

“கர்த்தர் கிருபையால ஒரு குறைவும் இல்லய்யா.”

பாழாய்ப்போன நாக்கு! கொட்டியதைத் திரும்ப அள்ளவா முடியும்?

“பிள்ளை தூங்குதாளோ?”

“ஆமாய்யா.”

“ஏழு நாளா உபவாசம்னு சொன்னாங்களே?”

தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. உபதேசியார் அந்தக் கண்ணீரைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்தார்.

“அன்னத்தாய் ஞானராஜ்தானே முழுப்பேரு?” எழுதிக்கொண்டார். “நாளைக்குத் தவறாம வந்துரணும்மா.”

அவர் படி இறங்கியதும் அன்னத்தாய் முழங்காலிட்டாள். “நான் வாய்விட்டுக் கேக்காமலே அவரு மனசுல பேசிட்டீரே ஆண்டவரே,” என்று வாய்விட்டு அழுதாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷ அழுகை அது.

மறுநாள், இருந்ததில் நல்ல சேலையை உடுத்தி, துணிப்பை ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நடக்க முடியாத ரூத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். முன்னால் கோதுமை மூட்டைகள் அடுக்கியிருந்தன.

உபதேசியார் நோட்டைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்துபோய் வரிசையில் நின்றார்கள். முப்பது பெயர் ஆயிற்று. நாற்பதும் ஆயிற்று. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

“கடைசியாக, அன்னத்தாய் ஞானராஜ்.”

பையை உருவியபடியே எழுந்தாள் அன்னத்தாய். உபதேசியார் சபையைப் பார்த்துத் தொடர்ந்தார்:

“தனக்கு ஒரு குறைவும் இல்லாதிருந்தும் ஏழு நாளாக உபவாசம் இருக்கிற நம்முடைய சகோதரி, இந்த ஏழைக் குடும்பங்களுக்காக இப்போது ஜெபம்பண்ணுவார்கள்.”

அன்னத்தாய் பையை மறுபடி இடுப்புக்குள் திணித்தாள். “பசிச்ச பிள்ளைகளுக்கு, ஆண்டவரே...” என்று தொடங்கினாள். ரூத்தை இறுக்கிக்கொண்டு அவள் விம்மிய விம்மலில் சபையே உருகிப்போய், ஒரே குரலாக, “ஆமென்” என்றது.