பாம்பாட்டியின் பல்டி

"ஜாவாஸ்கிரிப்ட்லயே எழுதிடலாம்."

டீம் லீடர் இப்படிச் சொன்னதும் மீட்டிங் அறையில் எல்லோரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

பத்து வருஷமாக எந்த ப்ரோகிராம் எழுதினாலும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுதுவார் மனுஷன். பைத்தான் என்றால் மலைப்பாம்பு ஆச்சே, அதனால் ஆபீஸில் அவருக்குப் பெயரே பாம்பாட்டி. அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை?

"சார், உங்களுக்கு என்ன ஆச்சு?" முதலில் வெடித்தவள் மிளகாய். டீமில் கடைசியாகச் சேர்ந்தவள். காரத்தில் மட்டும் முதல் இடம்.

அவர்கள் எழுதப்போவது வயதானவர்களோடு பேசும் ஆப். "காலை மாத்திரை போட்டாச்சா?" என்று அதுவே கேட்கும். பதிலையும் புரிந்துகொள்ளும். மூன்று வாரம் மல்லுக்கட்டி அதன் மாதிரியை பைத்தானில் செய்து வைத்திருந்தாள் மிளகாய்.

"பேச்சைப் புரிஞ்சுக்கற ரெடிமேட் கோட் லைப்ரரி எல்லாம் பைத்தான்லதானே கொட்டிக் கிடக்கு? போன மாசம் நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அந்தப் பகுதி மட்டும் அப்படியே இருக்கட்டும். மத்ததெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்."

"காரணம்?"

"அது வந்து... வேகமா ஓடும்."

"மாத்திரை ஞாபகப்படுத்த எதுக்கு சார் வேகம்? ஓட்டப் பந்தயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாம்பாட்டியும் சிரித்தார். ஆனால் மசியவில்லை.

"உன் மாதிரியை நானே மாத்தி எழுதித் தரேன்மா. இதுதான் முடிவு."

காபி மெஷின் பக்கத்தில், டீமிலேயே சீனியரான தாடிக்காரர் மிளகாயின் காதைக் கடித்தார்.

"மேனேஜரோட மச்சான் ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ் ஆரம்பிச்சிருக்காராம். புரியுதா?"

"ஓஹோ, ஜால்ராவா! ப்ரமோஷன் கிடைக்கும்னா பாம்பையே வித்துடுவார் போல."

அன்றிலிருந்து பாம்பாட்டிக்கு குட்மார்னிங் சொல்வதையே நிறுத்திவிட்டாள். ஒருநாள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், ஜாவாஸ்கிரிப்ட் ஆரம்பப் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

'நாப்பத்தஞ்சு வயசுல அரிச்சுவடி! நல்லா வேணும்!'

திங்கட்கிழமை புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். மிளகாய்க்குப் பக்கத்து சீட். வெள்ளைக் கோலை மடித்து மேஜையில் வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திரையைப் போடவே இல்லை. விரல்கள் மட்டும் பறந்தன.

அரை மணி நேரத்தில், "இந்த ப்ரோகிராம்ல ரெண்டு தப்பு இருக்குங்க" என்றார்.

இருந்தது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" மிளகாய் வாயைப் பிளந்தாள்.

"கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சுக் காட்டும்ங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல அடைப்புக்குறி திறக்கறதும் மூடறதும் காதுல கணீர்னு விழும். பைத்தான்தான் படுத்தும்."

"ஏன்?"

"அதுல எந்த வரி எதுக்குள்ள அடங்குதுன்னு, வரிக்கு முன்னாடி விடற இடைவெளியை வெச்சுதானே தெரியும்? கண்ணுக்கு ஒரு பார்வை போதும். காது ஒவ்வொண்ணா எண்ணணும்."

மிளகாயின் கை கீபோர்டு மேலேயே நின்றது.

"இன்டர்வியூல உங்க லீடர்கிட்ட வெளிப்படையாவே சொல்லிட்டேன். 'பைத்தான்னா என் வேகம் பாதியாயிடும். எனக்காக நாலு பேர் கஷ்டப்படறதும் எனக்குப் பிடிக்காது. வேற ஆளை எடுத்துக்கங்க'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"'நாங்க முதல்லேர்ந்தே ஜாவாஸ்கிரிப்ட்தான்'னு சிரிச்சார். என் அதிர்ஷ்டம்!" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நிஜம்தானுங்களே? எனக்காக எதையும் மாத்தலையே?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பாம்பாட்டி புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தி இவளையே பார்த்தார்.

"சேச்சே! இங்க பைத்தான்னாலே யாருக்கும் ஆகாதுங்க" என்றாள் மிளகாய்.