அக்காவின் எடை

கடலின் மேல்நீரில் அக்காவும் தங்கை பொடிச்சியும் மிதந்தார்கள். கண்ணுக்கே தெரியாத உயிர்கள். காற்றிலிருந்து தண்ணீரில் கரையும் கரியை விழுங்கி, உடம்பெல்லாம் சுண்ணாம்புச் சில்லு பூட்டிக்கொண்டு, செத்ததும் அந்தக் கனத்தில் கரியோடு அடிக்கடலுக்கு இறங்குவது அவர்கள் குலவழக்கம். ஆனால் கரையிலிருந்து வந்த புகை கலந்து தண்ணீர் புளித்தது. செய்யச் செய்யச் சில்லுகள் கரைந்தன.

“இனிமே நான் சில்லு செய்யப்போறதில்லடி,” என்றாள் அக்கா.

“அப்போ எப்படிக்கா கீழே போவே?”

“எத்தனையோ பேர் போறாங்க. நான் ஒருத்தி போகலேன்னா கடல் வத்திடுமா?”

அக்கா செத்தாள், இறங்கவில்லை. பொடிச்சி தன் சில்லுகளைப் பிய்த்து அவள்மேல் பூட்டினாள். சற்றே இறங்கிய அக்கா, அவையும் கரைந்ததும் நின்றுவிட்டாள். ஆயுள் முழுக்க விழுங்கிய கரி, அழுகும் உடலிலிருந்து தண்ணீருக்கே திரும்பியது.

“போயேன் அக்கா,” என்று பொடிச்சி தள்ளிப் பார்த்தாள். பிறகு, ஒரு சில்லு கேட்கலாமென்று அக்கம்பக்கத்தாரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருவர் மேலும் சில்லு இல்லை.