நிக்கோலுக்குப் போட்ட ஊசி

"என் பொண்ணு காலையிலேர்ந்து வீட்லதான் இருக்கா டீச்சர். நீங்க யாருக்கு ஊசி போட்டீங்க?"

கைப்பேசியில் பாக்கியநாதனின் குரல் உயர்ந்தது. சாந்தினி டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று இப்போதுதான் பெற்றோர் குழுவில் செய்தி அனுப்பியிருந்தாள்.

"நிக்கோல் வரலையா அண்ணே? அவளுக்கும் போட்டாச்சுன்னு நர்ஸ் மிஸி சொன்னாங்களே!"

"பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கா! ஊசின்னாலே அவளுக்குப் பயம். காலையில வயித்து வலின்னு ஒரே அழுகை."

சாந்தினி மண்டபத்துக்கு ஓடினாள். காலையில் மணி அடித்ததுமே ஊசி ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளின் வருகையைக் குறிக்கவே நேரமில்லை. பள்ளி முழுக்கச் சளியும் இருமலும் என்பதால் எல்லாரும் முகக்கவசம் வேறு போட்டிருந்தார்கள்.

மிஸி ரூபினி மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"மிஸி, நிக்கோலுக்கு யார் போட்டது?"

"நான்தான். பேர் கேட்டேன், நிக்கோல்னு சொல்லிச்சு. அழக்கூட இல்ல."

"அந்தப் பிள்ளை இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலையாம்."

ரூபினியின் முகம் வெளுத்தது. "அலாமாக்! அப்ப என் முன்னாடி வந்து உக்காந்தது யாரு?"

பக்கத்து மேசையில் ஊசி போட்ட மிஸி ரொஸ்னாவும் கையை விரித்தாள். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒதுக்கி வைத்த பெண் ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள். தெரியாமல் அவள் வந்து உட்கார்ந்திருந்தால்?

சாந்தினியும் ரூபினியும் வகுப்புக்கு விரைந்தார்கள். ஒதுக்கி வைத்த பெண்ணின் இரண்டு கைகளையும் முதலில் பார்த்தார்கள். பிளாஸ்டர் எதுவும் இல்லை. சாந்தினிக்கு மூச்சு வந்தது.

"எல்லாரும் ரெண்டு கைச் சட்டையையும் மேல தூக்குங்க."

ஜன்னலோரம் இருந்த யஷ்வினி மட்டும் தூக்கவில்லை. சாந்தினி அருகில் போய்த் தூக்கிப் பார்த்தாள். இடது கையில் ஒரு வட்டப் பிளாஸ்டர். வலது கையிலும் ஒன்று.

ரூபினி உடனே டாக்டருக்கு போன் அடித்தாள். பேசி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "பயப்பட ஒண்ணுமில்லையாம். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம். கொஞ்ச நேரம் பக்கத்துல வச்சுப் பாத்துக்கச் சொன்னாரு."

யஷ்வினியை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

"நிக்கோல் உன்னைப் போட்டுக்கச் சொன்னாளா?"

தலை இல்லை என்று ஆடியது. "அவ வரலை, அதான் அவ பேரைச் சொன்னேன்."

"ஊசி போட்டதும் மிட்டாய் குடுத்தோமே, அதுக்காகவா?" என்றாள் ரூபினி.

யஷ்வினி பைக்குள்ளிருந்து இரண்டு மிட்டாய்களையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"பின்ன ஏம்மா? யாராவது மிரட்டினாங்களா?"

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. எட்டு வயதுப் பிள்ளை, தானாகப் போய் இன்னொருத்தி பேரைச் சொல்லி ஊசிக்குக் கை நீட்டுமா?

"சரி, உங்கம்மாவைக் கூப்பிட்டுப் பேசறேன்."

"வேணாம் டீச்சர்!" யஷ்வினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா திட்டுவாங்க. நான் இருமினாலே ரூமுக்குள்ள விட மாட்டாங்க."

"எந்த ரூமுக்குள்ள?"

யஷ்வினி விசும்பினாள். "தம்பிப் பாப்பா பொறந்து ஒரு மாசம்தான் ஆவுது டீச்சர். அவனுக்கு ஊசி போட முடியாது, நீ போட்டுக்கிட்டா அவனுக்கும் நல்லதுன்னு கிளினிக்ல டாக்டர் சொன்னாரு. அதான், எனக்கு ஒண்ணு போட்டேன், அவனுக்கு ஒண்ணு போட்டேன்."