கேப்டனுக்கு ஒரு முளை

பத்து வருடமாக ஜெபசெல்வியும் தம்பி சந்தியாகுவும் விளையாடிய வீடியோ கேமின் கடைசிப் பாகம் வந்தது. அதன் முடிவில் கதாநாயகனான கேப்டன் புயலுக்குள் படகை விட்டார். திரை இருண்டது, அவ்வளவுதான்.

“இதெல்லாம் ஒரு முடிவா? மனுஷனை அம்போனு விட்டுட்டானுங்க,” என்றாள் ஜெபசெல்வி.

பழவேற்காட்டில் அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். கடலுக்குப் போய்க் கரை திரும்பாத படகு என்றாவது வரும் என்று, அதைக் கட்டிவந்த முளையைப் பிடுங்க மாட்டார்கள். அதில் வேறு படகையும் கட்ட மாட்டார்கள். ஜெபசெல்வி ஒரு சவுக்குக் கம்பைச் சீவி, ஏரிக்கரையில் கேப்டனுக்காக அடித்து வைத்தாள்.

“இன்னாக்கா, கேம்ல செத்தவனுக்கு முளையா? தெருவே சிரிக்குது.”

“செத்ததை நீ பாத்தியா? வருவாருடா.”

மறுநாள் காலை வலை காயப்போட இருவரும் கரைக்கு வந்தார்கள். அந்த முளையில் ஈரக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அது தண்ணீருக்கு மேலே விறைப்பாக நீண்டு அந்தரத்தில் முடிந்தது. அங்கே படகு எதுவும் இல்லை. சந்தியாகுவின் சிரிப்பு நின்றது.

படகிலிருந்து ஆள் இறங்கும்போது தாழ்வதுபோல, கயிறு ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.

“ஓரமா நில்லுடா,” என்றாள் ஜெபசெல்வி. “அவருக்கு வழி விடு.”