அடுத்த வாரம் கொண்டு வரேன்

"இனிமே நீ கஸ்டமருக்கு போன் பண்ண வேண்டாம்மா. சாஃப்ட்வேர்ல புது அப்டேட் வந்திருக்கு. சர்வீஸ் தேதி வந்தா அதுவே கூப்பிட்டுப் பேசிடும்" என்றார் கார் ஷோரூம் மேனேஜர்.

சர்வீஸ் கவுன்ட்டர் பெண்ணின் முகம் வாடிப்போனது.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே."

"அதில்ல சார். இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் நானே பேசிக்கிறேனே?" என்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெயரைக் காட்டினாள்.

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். மூன்று வருடமாக மாதம் தவறாமல் பேசியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ‘அடுத்த வாரம் கொண்டு வருகிறார்’ என்ற அதே குறிப்பு. வண்டிதான் வந்தபாடில்லை.

"இந்த ஆளு உனக்கு நல்லா தண்ணி காட்டுறார். மெஷினே பேசட்டும், விடு."

அவள் அந்தப் பெயரையும் மெஷின் பட்டியலில் சேர்த்தாள்.

மறுவாரம் மேனேஜரின் மேஜைத் தொலைபேசி அடித்தது. அதே ‘அடுத்த வாரம்’ ஆசாமி!

"இந்த மாசம் ஏதோ மெஷின் பேசுது சார். அந்தப் பொண்ணு எங்கே? உடம்புக்கு ஏதாவதா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க முதல்ல வண்டியைக் கொண்டு வாங்க."

"வண்டியை வித்து மூணு வருஷம் ஆச்சு. அது அவளுக்கும் தெரியும்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு சார் மாசாமாசம் பேசுறீங்க?"



"அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அப்பான்னு கூப்பிட்டா போனை வச்சிடுவேன்னு சொல்லியிருந்தேன். அதான், சார்னு கூப்பிடுறா."