முதல் வரிசைக் குரல்

ஒசாகா அரங்கில், வில்லனாகவே மோதிப் பேர் வாங்கிய மறைந்த மல்யுத்த வீரர் குரோகிக்காக, வழக்கப்படி அடிக்கும் பத்து அஞ்சலி மணிகளில் கடைசியும் அடித்து ஓய்ந்தது. ரசிகர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

"டேய் திருட்டுப்பயலே! எந்திரிச்சு ஓடுடா!"

முதல் வரிசையில் ஒரு பெண் கத்தினாள். முப்பது வருடமாக அதே இடத்திலிருந்து குரோகியைத் திட்டித் தீர்ப்பவள். பக்கத்தில் நின்ற ரசிகர் நகாசேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவரைக் கூடவா விடமாட்டீங்க? வாயை மூடுங்கம்மா!"

"குரோகியின் படத்தை அவர் மனைவி பெற்றுக்கொள்வார்" என்று அறிவித்தார்கள்.

திட்டிய அவளேதான் மேடையை நோக்கி நகர்ந்தாள். நகாசே அவசரமாக வழிவிட்டார்.

"நான் திட்டலைன்னா, வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாருங்க" என்றாள் நகாசேவிடம். "இன்னைக்கு நீங்களும் கொஞ்சம் திட்டுங்களேன். என் ஒருத்தி குரல் அவருக்குப் பத்தாது."

நகாசே வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.